கேப்டன் பஷீர் அஹமதுவின் திறமையைப் புகழாத மடல்

நெய்தல் ஏர் விமான நிறுவனத்தின் தலைமைப் பயிற்சி விமானியாக விளங்கி, இன்று பணிநிறைவு காணும் கேப்டன் பஷீர் அஹமது அவர்களுக்கு, உடன் பணியாற்றிய விமானிகளும் பொறியாளர்களும் விமானப் பணிப்பெண்களும் தரைப் பணியாளர்களும் மரக்காணம் உப்பளம் பார்த்த திருமண மண்டபத்தில் கூடி, வாசித்து வழங்கும் மடல்.

வங்கக் கடலோரம் கூனிமேட்டில் பிறந்து, வானத்தின் வாசல்களையெல்லாம் வலம் வந்து, காற்றின் கோபத்தையும் கார்முகிலின் கர்வத்தையும் அருகிருந்து கண்டு, ஏற்றிச் சென்றவரையெல்லாம் இறக்கிவிட்ட இனியவரே! கண்டிப்பிலும் கனிவு குறையாத கேப்டனே! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி அடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. நம் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது மணிகண்டன் என்பதும், எதுகை கிடைத்தால் அவர் இரும்பையும் கரும்பாக்கிவிடுவார் என்பதும் நீங்கள் அறிந்தவை. போன வாரம் அவருடைய மேசைக்கு வந்து நின்று சொன்னீர்கள்: "மணி, எது வேணா எழுதிக்கோப்பா. திறமைன்னு என்னைப் புகழ்ந்து ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் மேடைக்கே வரமாட்டேன்." ஒரு விமானிக்கு விடைகொடுக்கும் விழாவில் அந்தச் சொல்லை விலக்குவது உப்பில்லாமல் ரசம் வைப்பது போன்றது. ஆனாலும் விலக்கியிருக்கிறோம். ஏன் விலக்கினோம் என்பது இங்கே வந்திருக்கும் எல்லோருக்கும் தெரியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகு இதைப் படிக்கப்போகிறவர்களுக்கும் தெரியாது. அதைச் சொல்வதுதான் இந்த மடலின் வேலை.

கரை கண்டதும் கையில் எடுத்தவரே!

நம் நிறுவனத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அதை உண்டாக்கியவர் நீங்கள். விமானம் ஏறி நிலைபெற்றதும் தானியங்கி ஓட்டத் தொடங்கும். விமானிகள் விழிப்போடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். உலகமெங்கும் இதுதான் முறை. நம்மிடம் மட்டும், கடல் தாண்டி வரும்போது கரை கண்ணில் பட்ட கணமே தானியங்கியை அணைத்துவிட வேண்டும். அங்கிருந்து ஓடுபாதை வரை கையால் ஓட்டி வர வேண்டும். "கரை தெரிஞ்சா கைல எடு" என்பதை நீங்கள் சொல்லாத வகுப்பில்லை. பிற நிறுவன விமானிகள், உங்கள் கேப்டனுக்கு மாட்டு வண்டி ஞாபகம் போகவில்லை போலிருக்கிறது என்று எங்களைக் கேலி செய்ததுண்டு. தானியங்கியோடு உங்களுக்குப் பகை இருந்ததில்லை. பெரும்பாலான நேரம் அது நம்மைவிட நிதானமாக ஓட்டும் என்று நீங்களே சொல்வீர்கள். பழகாத கை மறந்துபோகும், மறந்த கை ஆபத்துக்கு உதவாது என்பதுதான் உங்கள் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அணைத்த பிறகு எல்லாம் நம் கைக்கு வந்துவிடும் என்று நீங்களும் நம்பினீர்கள், நாங்களும் நம்பினோம்.

இரு கைகளையும் உயர்த்திக் காட்டியவரே!

பங்குனி மாதத்து ஒரு காலை. கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். துணை விமானி கலைமதி. வானம் துடைத்து வைத்தது போலிருந்ததால் வெகு உயரத்திலிருந்தே மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. வழக்கப்படி தானியங்கியை அணைத்து, "என் கைல" என்றீர்கள். "உங்க கைல சார்" என்றார் கலைமதி. விமானம் கைமாறும்போது விமானிகள் சொல்லிக்கொள்ளும் வார்த்தைகள் இவை. எந்த நேரமும் ஓட்டுவது யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்வது.

சற்று நேரத்தில் மூக்கு தாழ்ந்தது. நிமிர்த்தினீர்கள். பொறுத்திருந்து மறுபடி தாழ்ந்தது, முன்னிலும் அதிகமாக. மறுபடி நிமிர்த்தினீர்கள். கோபமில்லாமல், அவசரமில்லாமல், விடாப்பிடியாக யாரோ கீழே அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீ அழுத்துறியா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல சார். நீங்கன்னு நெனச்சேன்."

"கைய தூக்கு."

இருவரும் தூக்கினீர்கள். நான்கு கைகளும் காற்றில் நின்றன. உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சக்கரம் உண்டு. வாலை அசைத்து மூக்கை ஏற்றி இறக்குவது. தையல் மெஷினின் சக்கரம் போல அது கடகடவென்று தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வானம் விலகி உப்பளம் ஏறி நிறைந்தது. நீர் கட்டிய பாத்திகளுக்குள்ளும் வானமே கிடந்ததால், எது மேல் எது கீழ் என்பது ஒரு கணம் விளங்கவில்லை என்று கலைமதி பிற்பாடு எங்களிடம் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "மூக்கு எறங்கினதுக்கு நான் பயப்படல. அந்த ரூம்ல மூணாவது ஆள் ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுது பாருங்க, அதுக்குத்தான் பயந்தேன்."

உள்ளங்கையால் அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினீர்கள். தோல் உரிந்தது. அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சை அணைத்தீர்கள். பிறகு இருவருமாகச் சக்கரத்தைக் கையால் திருப்பி மூக்கை நிமிர்த்தி, ஏற்றி வந்த அத்தனை பேரையும் சென்னையில் இறக்கினீர்கள். அன்று இங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அய்யனார் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார். அவர் எங்களிடம் சொன்னது இது: "எறங்குது, ஏறுது, திரும்ப எறங்குது. சத்தம் மட்டும் அதுக்குப் பின்னாடியே வந்துகினு இருந்துச்சு. நாங்க யாரும் ஓடல. எங்க ஓடுறது, சுத்தி உப்புதான்."

புகழே பொறியாகிப் போனவரே!

விமானத்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். கலைமதியின் கட்டைவிரல் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கும் என்றார்கள். "அந்தப் பொண்ணு கை மேல இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அடுத்து, மூக்கோரத்தில் காற்றின் போக்கைப் பார்க்கும் சென்சார் ஒன்று பழுது, அதை மாற்றியாகிவிட்டது என்றார்கள். சக்கரத்தைச் சுற்றியது யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக உங்களுக்குப் பதக்கம் வந்தது. ஓய்வுக்குப் பிறகு ஆலோசகர் பதவி தருவதாகவும் சொன்னார்கள். கேப்டனின் கைத்திறம் விமானத்தைக் காத்தது என்ற அவர்களுடைய அறிக்கையை நாங்களும் பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். விமானங்கள் மறுபடி பறந்தன.

ஊர் சும்மா இருக்குமா? உங்கள் மைத்துனர் இஜாஸ் தலைமையில் கூனிமேடு கடைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேனர் வைத்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட உங்கள் முகம், பின்னால் எந்த நாட்டினுடையது என்றே தெரியாத போர் விமானம், கீழே, ஆள் உயர எழுத்தில், "திறமை இருந்தால் விழும் விமானமும் வீடு திரும்பும்." அந்த வழியாகப் போன நம் கேப்டன் ஆண்ட்ரூஸ் பேனர் முன் நின்று சிரித்தபடி படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாங்கள் எல்லோரும் அதற்குக் கைதட்டினோம். அன்பில் செய்த காரியம். அதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

ஆண்ட்ரூஸை விட்டுக்கொடுக்காதவரே!

ஐப்பசியில் ஆண்ட்ரூஸ் அந்தமானிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தார். மழை மேகம் கரையை மூடியிருந்தது. வெகுவாகத் தாழ்ந்த பிறகே கரை கண்ணில் பட்டது. கண்டதும், நீங்கள் கற்பித்தபடி, தானியங்கியை அணைத்துக் கையில் எடுத்தார். மூக்கு தாழ்ந்தது. அவர் நிமிர்த்தினார். மறுபடி தாழ்ந்தது. விமானம் கடலில் விழுந்தது. எவரும் பிழைக்கவில்லை.

விசாரணை மண்டபத்தில் நாங்கள் உங்களுக்குப் பின்வரிசையில் இருந்தோம். நம் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஜோசப்பின், ஆண்ட்ரூஸின் மனைவி, உங்கள் பக்கத்தில் இருந்தார். காக்பிட்டில் பதிவான பேச்சைப் போட்டார்கள். "நீ அழுத்துறியா?" என்று ஒரு குரல் கேட்டது. உங்கள் விமானத்தின் பதிவைத்தான் முதலில் போடுகிறார்கள் என்று நினைத்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். உங்கள் தலை அசைந்ததைப் பார்த்தோம். கலைமதி தன் குரலுக்காகக் காத்திருந்தார்.

"இல்ல சார். நீங்கன்னு நெனச்சேன்." பதில் சொன்னது ஓர் ஆண் குரல்.

"மொதல்ல கேட்டது எங்க வீட்டுக்காரரு" என்றார் ஜோசப்பின், யாரிடமும் சொல்லாதது போல. அதற்குப் பிறகு "கைய தூக்கு" என்று வந்தது. பிறகு பேச்சில்லை, சக்கரம் சுற்றும் சத்தம். அது நின்றது. ஆண்ட்ரூஸ் பிடித்து நிறுத்திவிட்டார். சுவிட்சை அணைக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்கள் முக்கி முனகும் ஓசை. தாழ்ந்து, வேகமும் கூடிப்போன விமானத்தில் காற்றின் அழுத்தம் வாலைப் பிடித்துக்கொள்ளும். இருவர் சேர்ந்தும் அந்தச் சக்கரத்தை அசைக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் தயாரிப்பு நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். திரையில் ஒரு படம் வந்தது. கூனிமேட்டுப் பேனர். உங்கள் முகமும் அந்த வாசகமும் முழுதாகத் தெரியும்படி வெட்டியிருந்தார்கள். இதே பழுதைச் சந்தித்த ஒரு விமானி பத்திரமாக இறங்கினார், அவருடைய ஊரே திறமையைக் கொண்டாடுகிறது. ஆகவே குறை விமானத்தில் இல்லை, மாண்டவரிடம்தான் என்றார். படத்தின் ஓரத்தில், வெட்டியது போக, ஒரு தோள் மட்டும் மிச்சமிருந்தது. அது ஆண்ட்ரூஸின் தோள் என்பது நம் வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

உங்களைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அன்று நீங்கள் சொன்னதை மெருகேற்றாமல் அப்படியே எழுதுகிறோம்.

"எனக்கு அன்னிக்கு உப்பு தெரிஞ்சுதுங்க. அதனால மேலேயே கைல எடுத்தேன். ஆண்ட்ரூஸுக்கு மேகம். கீழ வந்தப்புறம்தான் கரை தெரிஞ்சுது. நான் என்னென்ன செஞ்சேனோ எல்லாத்தையும் அவரும் செஞ்சாரு, இப்பத்தான் கேட்டீங்க. எனக்குக் கீழ எடம் இருந்துச்சு. அவருக்குக் கீழ தண்ணி இருந்துச்சு. இதுல திறமை எங்கேந்து வருது?"

வழக்கறிஞர் விடவில்லை. தானியங்கியை அணைக்காமல் வந்திருந்தால் இது நேர்ந்திருக்காதே, உங்கள் நிறுவன வழக்கம்தானே காரணம் என்றார். அதற்குச் சற்று முன்புதான் அவர்களுடைய பொறியாளர் ஒருவரும் கேள்விக்குப் பதிலாக அதை ஒப்புக்கொண்டிருந்தார்: உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறது, விமானம் அளவுக்கு மீறி மூக்கைத் தூக்குவதாக அந்த ஒற்றை சென்சார் சொன்னால் அது கீழே அழுத்தும், கையால் ஓட்டும்போது மட்டும் விழிக்கும். விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் புதிதாகப் பயிற்சி தர வேண்டியிருக்கும், பயிற்சி என்றால் வாங்குபவர்கள் தயங்குவார்கள்.

வழக்கறிஞருக்கு நீங்கள் சொன்னீர்கள்: "ஆமாங்க. நான் சொல்லிக்குடுத்த பழக்கம்தான் அத எழுப்பிச்சு. அத நான் மவுத்தாவுற வரைக்கும் சொமக்கணும். மெஷின் மேல எனக்குக் கோவம் இல்ல. அதுக்கு என்ன சொன்னாங்களோ அத செஞ்சுது. ஆனா, கைல எடுத்தா எந்திரிக்கிற ஒண்ண உள்ள வெச்சுட்டு, எங்ககிட்ட சொல்லாம விட்டது யாரு? ரூம்ல ஆள் இருக்குதுன்னு சொல்லியிருந்தா வெளக்கப் போட்டுப் பாத்திருப்போம்ல."

தம் புகழைத் தாமே இறக்கிவைத்தவரே!

விசாரணை அறிக்கையில் ஆண்ட்ரூஸின் பெயருக்கு எதிரே இருந்த "திறன் குறைவு" என்ற சொற்கள் அடிக்கப்பட்டன. தயாரிப்பாளரின் பொறுப்பு முதல் காரணமாக எழுதப்பட்டது. பதக்கத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். ஆலோசகர் பதவி பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. விசாரணை முடிந்த மறுநாளே கூனிமேட்டுக்குப் போய் பேனரை நீங்களே அவிழ்த்தீர்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் உங்கள் துணைவியார் மெஹரூன்னிசா அம்மையார். இஜாஸுக்கு வருத்தம் தாங்கவில்லை. "ஊரே உங்கள தூக்கி வெச்சுது மச்சான். நீங்களே போயி எறங்கிட்டீங்களே" என்றார். "எறங்கத் தெரிஞ்சவன்தான்டா பைலட்டு" என்று அம்மையார் உங்களுக்காகப் பதில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா என்பதை இன்று உணவின்போது கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

உங்களைப் புகழ வேண்டுமென்றால் அதற்காகத்தான் புகழ முடியும். கழுத்துக்கு வந்த மாலையைக் கழற்றி, பேச முடியாமல் போன ஒரு தோழனின் கழுத்தில் போட்டீர்கள். நாங்கள் பார்த்த விமானிகளில் துணிச்சல்காரர்கள் பலர். தாம் சாதாரணமானவர் என்று ஊரறியச் சாட்சி சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

விடைபெறும் வேளையில் விட்டுச் செல்பவரே!

விபத்துக்குப் பிறகு தரையில் நிறுத்திவைத்த அந்த விமானங்கள் அடுத்த மாதம் மறுபடி பறக்கப்போகின்றன. சாஃப்ட்வேரைத் திருத்தியிருக்கிறார்கள். இனி இரண்டு சென்சார்களையும் கேட்டுவிட்டுத்தான் அழுத்துமாம். அழுத்தினாலும் ஒருமுறைதான் அழுத்துமாம். கையேட்டில் அதற்கென்று ஒரு அத்தியாயமும் வந்துவிட்டது. நாங்கள் படித்துவிட்டோம், பயிற்சியும் பெற்றுவிட்டோம். அதில் பெரும்பங்கு உங்களால் வந்தது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறோம்.

ஹேங்கரில் அந்த விமானங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் சிலுவைமுத்து ஒரு செய்தி சொல்கிறார். காலையில் மின்சாரம் கொடுத்ததும், ஆளில்லாத காக்பிட்டில் அந்தச் சக்கரம் கொஞ்சம் சுற்றி, திரும்பி வந்து, பழைய இடத்தில் நிற்கிறதாம். தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது என்று நிறுவனம் விளக்கம் தந்திருக்கிறது. அப்படித்தான் இருக்கும். ஆனாலும் சிலுவைமுத்து இப்போதெல்லாம் உள்ளே போகும் முன் கதவைத் தட்டுகிறார். முதலில் நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பதில்லை.

இப்போது கேப்டனாகிவிட்ட கலைமதி உட்பட, எங்களில் பலருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இப்போது ஓட்டும் வேறு ரக விமானங்களிலும், கையில் எடுத்ததும் இருவரும் ஒரு நொடி கைகளை உயர்த்திச் சக்கரத்தைப் பார்க்கிறோம். பின்னால் இருக்கும் பயணிகளுக்கு இது தெரியாது. ஜன்னலில் உப்பளம் பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சக்கரம் அசையாமல் இருக்கிறது. இதுவரை அசையவில்லை.

மடலின் முடிவில் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்துவது முறை. மணிகண்டன் ஓய்வுபெற்ற எல்லோருக்கும் அதை எழுதியிருக்கிறார். எங்களில் யாரும் அதை ஊன்றிப் படித்ததில்லை. இந்தமுறை அந்த வரிக்கு வந்தபோது அவர் பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் அதே நினைப்புதான். மரியாதைக் குறைவாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாளை எங்களில் ஒருவர் மேகத்துக்குக் கீழே வந்து, கரையைக் கண்டு, கையில் எடுத்து, திரும்பாமல் போகலாம். மறுபடி விசாரணை நடக்கும். மறுபடி உங்கள் பெயரைச் சொல்வார்கள். அவர் தப்பித்தாரே, இவரால் ஏன் முடியவில்லை என்று கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எங்களால் எழுந்து பதில் சொல்ல முடியாது.

ஆகவே, கேப்டன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுங்கள். அம்மையார் சொல்வதைக் கேளுங்கள். குரல் தளராமலும் நினைவு மங்காமலும் எல்லாம் வல்ல இறைவன் உங்களைக் காக்கட்டும். எங்கள் எல்லோரையும்விட நீண்ட நாள் வாழுங்கள்.

மரக்காணம்
என்றும் உங்கள் அன்பில்,
நெய்தல் ஏர் பணியாளர்கள் சார்பாக
ஜோசப்பின் ஆண்ட்ரூஸ், கலைமதி, சிலுவைமுத்து, மணிகண்டன்